இரண்டு மில்லிமீட்டர் தூரம்

1980-களின் தொடக்கத்தில் சித்தப்பா துபாயிலிருந்து ஊருக்கு வந்தபோது ஒரு கேனன் ஏ.இ.-1 கேமரா கொண்டுவந்தார். கூடவே 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அதற்கப்புறம் இருக்கிற படமெல்லாம் அந்த லென்ஸ் வழியாக வந்தவைதான். தங்கச்சி காதுகுத்து, அக்கா கல்யாணம், ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற படம்...

2006-ல் டெல்லியில் நான் முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கினேன். அதுவும் கேனன்தான். ஊரிலிருந்து லென்ஸை எடுத்து வந்து சாந்தினி சௌக் கேமரா சந்தையில் ஒரு கடையில் நீட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்தார். "நஹீன் லகேகா." ஏறாது. அவ்வளவுதான். அடுத்த லீவில் லென்ஸ் திரும்ப ஊர்ப் பரணுக்குப் போனது.

2007-ல் ஊர் வீட்டைக் காலி பண்ணினோம். பழைய பாத்திரங்களை எடைக்குப் போடும்போது அம்மா போன் பண்ணி, "சித்தப்பா கேமராவை எடுத்து வைக்கட்டுமாடா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, இனிமே அது எதுக்கும் ஆகாது" என்று சொன்ன புத்திசாலி நான்தான்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு அது உண்மை. அதோடு "இனிமே" என்று ஒரு வார்த்தையை நான் சேர்த்துக்கொண்டேன் பாருங்கள், தப்பு அங்கேதான். எப்படி என்று சொல்கிறேன்.

லென்ஸ் உட்காரும் உலோக வளையத்துக்கும் உள்ளே இருக்கிற ஃபிலிமுக்கும் நடுவில் குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும். இதை 'இடைத்தூரம்' என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகை கேமராவுக்கும் இது ஒவ்வொரு அளவு. 1971-ல் கேனன் கொண்டுவந்த எஃப்.டி. வகைக்கு 42 மி.மீ. சித்தப்பாவின் லென்ஸ் இந்த வகை. 1976-ல் வந்த ஏ.இ.-1 உலகம் பூரா விற்றுத் தீர்ந்ததால், எஃப்.டி. லென்ஸ்களும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

1985-ல் மினோல்டா 7000 வந்தது. தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் கேமராவுக்குள்ளேயே இருந்தது. மற்ற கம்பெனிகளெல்லாம் பின்னால் ஓட வேண்டிய நிலை. நிக்கான் 1959-ல் போட்ட தன் எஃப் வளையத்தை மாற்றாமல் சமாளித்தது. கேனன் வேறு முடிவு எடுத்தது. 1987-ல் ஈ.ஓ.எஸ். 650 கேமராவோடு ஈ.எஃப். என்ற புது வளையம். வாய் 54 மி.மீ. அகலம், ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனி மோட்டார், கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்வது மின்சாரத்தில் மட்டும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் தொலைநோக்குள்ள முடிவு. ஆனால் புது இடைத்தூரம் 44 மி.மீ. பழையதைவிட 2 மி.மீ. அதிகம்.

2 மி.மீ.தானே என்று தோன்றும். 50 மி.மீ. லென்ஸ் தன் இடத்திலிருந்து 2 மி.மீ. முன்னால் தள்ளி நின்றாலே, ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது. முகத்தை எடுக்கலாம், மண்டபத்தை எடுக்க முடியாது. வளையம் வளையமாகக் கடைந்து தூரத்தைக் கூட்டலாமே தவிர, குறைக்க வழி கிடையாது. நடுவில் ஒரு லென்ஸ் வைத்த மாற்றி போட்டால் தூரத்துக் காட்சி வரும், ஆனால் படத்தின் தரம் போய்விடும். கேனனே அப்படி ஒன்று செய்தது. அதுவும் ஒரு சில நீண்ட டெலி லென்ஸ்களுக்கு மட்டும். மற்றவை எல்லாம் அனாதையாகின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய திருகு மரை லென்ஸ்கள், அதாவது எம்42 வகை, இருக்கிறதே, அதன் இடைத்தூரம் 45.46 மி.மீ. ஈ.எஃப்.-ஐவிட 1.46 மி.மீ. அதிகம். ஒரு மெல்லிய வளையம் போட்டால் கணக்குச் சரியாகிவிடும். ஆகவே மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் சோவியத்காரர்கள் செய்த ஹீலியோஸ் 44-2 லென்ஸ் கேனன் டிஜிட்டலில் ஜம்மென்று ஏறி உட்காரும். கேனனின் சொந்தப் பிள்ளை ஏறாது! நிக்கானில் இடைத்தூரம் 46.5 மி.மீ. என்பதால் ஹீலியோஸுக்கும் அங்கே இடமில்லை.

சரி, இத்தனை இடைவெளி எதற்கு? எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு மிரர் சாய்வாக நிற்கிறது. நாம் பார்க்கிற காட்சியை மேலே அனுப்பிவிட்டு, பட்டனை அமுக்கும்போது அது எம்பி வழிவிட வேண்டும். அது எம்ப இடம் வேண்டாமா? அதற்காகத்தான் நாற்பது சொச்சம் மில்லிமீட்டர். ஃபிலிம் போய் சென்சார் வந்த பிறகும் மிரர் மட்டும் அப்படியே இருந்தது. நான் 2006-ல் வாங்கிய பொட்டியிலும்.

2008-ல் மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் வகையின் முதல் கேமராவாக பானசோனிக் ஜி1 வந்தது. அதில் மிரரே இல்லை. சென்சார் பார்ப்பதைச் சின்னத் திரையில் காட்டிவிட்டால் மிரர் எதற்கு? இடைத்தூரம் 20 மி.மீ.க்கும் கீழே இறங்கியது. 2010-ல் சோனி நெக்ஸ் கேமராக்கள் 18 மி.மீ.யோடு வந்தன. 42-ல் 18 போனால் 24. அதாவது, 24 மி.மீ. நீளத்தில் உள்ளே வெறும் காற்று மட்டும் உள்ள ஓர் உலோகக் குழாய் போதும், எஃப்.டி. லென்ஸ் தூரத்து மலை வரைக்கும் தெளிவாகப் பார்க்கும். 1987-ல் அடைபட்ட கதவு இருபது வருஷம் கழித்து இப்படித் திறந்தது. இந்த லென்ஸ்களை நினைத்து யாரும் திறக்கவில்லை என்பதுதான் விசேஷம். கேமராவைச் சின்னதாக்கப் போனார்கள், கதவு தானாகத் திறந்துகொண்டது.

ஆரம்பத்தில் ஒரு குறை இருந்தது. அந்தச் சின்னச் சென்சார்களில் படத்தின் நடுப்பகுதிதான் விழும். பானசோனிக்கில் 50 மி.மீ. லென்ஸ் 100 போலவும், நெக்ஸில் 75 போலவும் நடந்துகொள்ளும். 2013-ல் சோனி ஏ7 முழு ஃபிலிம் அளவு சென்சாரோடு வந்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது. 2018-ல் கேனனும் மிரரை எடுத்துவிட்டு ஈ.ஓ.எஸ். ஆர் கேமராவை வெளியிட்டது. இடைத்தூரம் 20 மி.மீ. தள்ளி வைத்த பிள்ளைக்குச் சொந்த வீட்டிலேயே மறுபடி இடம் கிடைத்தது.

ஆபீசில் ஒரு நண்பர் ஏ7-ல் அதே 50 மி.மீ. லென்ஸைப் போட்டுக் காட்டிய அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறு ஞாயிறே சாந்தினி சௌக் போய் அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்தேன். தங்கமணி, "இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு, அதையே காசு கொடுத்து வாங்குற ஆள் நீங்கதான்" என்றாள். பதில் சொல்ல என்ன இருக்கிறது? :-)

பழைய லென்ஸ் என்றால் மந்திரம் என்று நினைக்க வேண்டாம். முழுசாகத் திறந்து வைத்தால் படம் கொஞ்சம் மிருதுவாக விழும். எதிர்வெயிலில் வெளுக்கும். ஓடுகிற குழந்தையைப் பிடிப்பது கஷ்டம். ஃபோகஸ், அப்பர்ச்சர் இரண்டையும் கையால்தான் திருப்ப வேண்டும். கேமராவில் 'லென்ஸ் இல்லாமல் படமெடு' என்கிற அமைப்பைத் தேடிப் போட வேண்டும். தெளிவாக இருக்கும் விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதி இருந்தால் பாதி வேலை மிச்சம். மற்றபடி உள்ளே இருக்கிற ஆறு கண்ணாடிச் சில்லுகளுக்கு, பின்னால் இருப்பது ஃபிலிமா சென்சாரா என்று தெரியப் போவதில்லை.

போன தடவை சித்தப்பா டெல்லி வந்தபோது லென்ஸைக் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்மது இல்லையேடா. நம்மதுல 8-க்குப் பக்கத்துல ஒரு கீறல் இருக்கும்" என்றார். எடைக்குப் போட்ட கதையை அன்றைக்குத்தான் சொன்னேன். சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

ஊரில் உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். அடுத்த லீவில் எடுத்துப் பாருங்கள். டார்ச் அடித்து உள்ளே நோக்குங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. ஆரம்ப நிலை என்றால் சுத்தம் செய்ய முடியும். அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், வளையத்தின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள்.

உடனே பயன்படுத்த வேண்டும் என்று இல்லை. "எடைக்குப் போட்டுடட்டுமா?" என்று ஊரிலிருந்து போன் வந்தால், "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிடுங்கள். அது போதும்.