உருக்கு இல்லாத பாலம்

எல்லயிலிருந்து ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்துபோக அதிக நேரம் வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டில் ஒருநாள் காலை நண்பர்கள் மூவருடன் அங்கே போனேன். தேயிலைச் சரிவின் ஓரமாக ஒற்றையடிப் பாதை. முதல்நாள் மழையில் கால் சறுக்கியது. பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் தெரிந்ததும் எங்கள் பேச்சு நின்றுவிட்டது. நீளம் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். நேராக அல்ல, மலையோடு இசைந்து வளைந்து நின்றது.

"இந்தக் கற்பாலத்தில ஒரு துண்டு உருக்குக்கூட இல்ல, தெரியுமா?" என்றார் பதுளையில் பிறந்த நண்பர்.

பலரும் கேட்ட கதைதான். முதலாம் உலக யுத்தம் மூண்டதும் பாலத்துக்கென ஒதுக்கிய உருக்கு போர்முனைக்குப் போய்விட்டதாம். வெள்ளைக்காரர் கைவிட்ட வேலையை அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் ஊராரைக் கூட்டி, கல்லாலும் சீமெந்தாலும் முடித்துக் கொடுத்தாராம்.

பாலம் நிறைவுற்றது 1921இல். 1923இலேயே இலங்கைப் பொறியியற் சங்கம் அதன் வரைபடங்களுடன் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அறிக்கையின் தலைப்பு அதைக் 'கொங்கிறீட்' பாலம் என்றே சொல்கிறது. வடிவமைத்தவர் புகையிரத நிர்மாணப் பிரிவைச் சேர்ந்த ஹரோல்ட் கத்பேர்ட் மார்வூட்.

உருக்கு இல்லாததும் அதிசயமல்ல. வளைவானது தன்மேல் ஏறும் பாரத்தை அமுக்கமாக்கித் தூண்களுக்கு இறக்கிவிடும். அமுக்கத்தைத் தாங்கக் கல்லோ கொங்கிறீட்டோ போதும்; இழுவிசைக்குத்தான் உருக்கு வேண்டும். ரோமர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வித்தையைக் கையாண்டனர்.

நான் இதைச் சொன்னதும் நண்பரின் முகம் வாடியது. "அப்ப, அப்புஹாமி பொய்யா?"

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாலத்தை வரைந்தவரின் பெயர் கடதாசியில் நிலைத்துவிடுகிறது. மண் சுமந்தவனும் சாரம் கட்டியவனும் அதில் ஏறுவது அபூர்வம். ஊர் தன் பங்குக்கு ஒரு பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதைப் பிடுங்க நான் யார்? ஆனால், உருக்கு போர்முனைக்குப் போன கதையை வரலாறென்று பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நண்பரிடமும் அதையே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் சுரங்கப் பக்கம் கூவல் கேட்டது. 1924இல் பதுளையை எட்டிய அதே பாதையில் புகையிரதம் வந்துகொண்டிருந்தது. நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். நண்பர் மட்டும் பாலத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"அதிருது" என்றார்.