ஸ்போர்ட்ஸ் காரா, எஸ்யூவியா? எங்கட ஊருக்குக் கார் வந்த கதை

திருகோணமலை உட்துறைமுக வீதியில் பின்னேரம் நாங்கள் கூடினால், கதை எங்க தொடங்கினாலும் காரில் வந்துதான் முடியும். இந்த விடுமுறையிலும் அதேதான். ஹொண்டா நிறுவனம் 2025 செப்டெம்பரில் ஜப்பானில் மறுபடி வெளியிட்ட பிரெலூட்டை ஒருவன் போனில் காட்டினான். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, 2 லீற்றர் ஹைபிரிட். "கார் எண்டா இதுதான் மச்சான்."

மற்றவன் விடவில்லை. "அம்மா, அப்பா, அம்மம்மா எல்லாரையும் எங்க ஏத்துவாய்? டொயோட்டா ரைஸ் எடு. மாரிக்கு வெள்ளம் நிண்டாலும் அடி தட்டாது." மூன்றாமவள் யாரிஸ் குறொஸ் பக்கம் நின்றாள். ஒரு மணித்தியாலம் சண்டை. இதில் பகிடி என்னவென்றால், எங்கள் ஐந்து பேரில் ஒருவர் வீட்டிலும் கார் இல்லை. மூன்று வீட்டில் மோட்டார் சைக்கிள், ஒரு வீட்டில் ஓட்டோ, ஒரு வீட்டில் சைக்கிள் மட்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு கேள்வி வந்தது. எந்தக் கார் நல்லது என்று இவ்வளவு கதைக்கிறோம். எங்கட ஊருக்கு எந்தக் கார் வரலாம், அது எதில் ஓடலாம், எந்த ரோட்டால் போகலாம் என்பதை இதுவரை யார் தீர்மானித்தார்கள்? கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு இது விட முடியாத கேள்வி. தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இலக்கத்தகடு. 1957 ஜனவரியில் இருந்து புதிய வாகனங்களின் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமானது. தனிச் சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராடியது. பலர் தங்கட வாகனங்களில் தமிழில் 'ஸ்ரீ' எழுதி ஓட்டினார்கள். 1958இல் அரசுடைமையாக்கப்பட்ட பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வந்தபோது அந்த எழுத்தின்மேல் தார் பூசப்பட்டது. தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். பழைய மொறிஸ் மைனர் படத்தைக் கண்டால் "வின்டேஜ்" என்று லைக் போடுகிறோம். அதன் முன்னால் இருக்கும் ஒரு எழுத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

அடுத்தது இறக்குமதி. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை புதுக்கார் என்பது பெரும்பாலானவர்களுக்குக் கனவு. அதனால்தான் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற பிரிட்டிஷ் கார்கள் இங்கே இத்தனை காலம் நின்றுபிடித்தன. பழைய கார்மேல் பாசம் ஒரு பக்கம் இருக்கலாம். புதுசு கிடைக்காததுதான் பெரிய காரணம். உதிரிப்பாகத்தைக் கடைந்தெடுத்துப் பொருத்துகிற கராஜ்காரரின் கைத்திறன் இந்தத் தட்டுப்பாட்டில்தான் வளர்ந்தது.

அந்தப் பழைய கார்கள் பிறகு ஒரு பெரிய சோதனையில் தேறின. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் போகாது. அப்போது அங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. யாழ்ப்பாண உறவினர் இதைச் சொல்லும்போது சின்ன வயசில் நாங்கள் நம்பவில்லை. ஆனால் விளக்கம் இருக்கிறது. பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு, ஆகவே தரம் குறைந்த எரிபொருளையும் தாங்கும். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் தெருவெல்லாம் வரும். வண்டி ஓடும். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகும். இன்றைய கார் ஒன்றில் இதைச் செய்தால் எஞ்சின் நாசமாகிவிடும். ஒரு காரின் "பெர்ஃபோமன்ஸ்" எது என்று அந்தக் காலத்து ஆக்களிடம் கேட்டால் வேகத்தைச் சொல்லமாட்டார்கள்.

எங்கட மாவட்டத்தில் இன்னொரு பிரச்சினை, தண்ணீர். கிண்ணியாவில் இருந்து திருகோணமலைக்கு ஏ15 வீதியால் வர, 'பாதை' என்று ஆக்கள் சொல்லும் இழுவைப் படகில் வாகனத்தை ஏற்றவேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதுவரைக்கும் எவ்வளவு குதிரைவலு இருந்தாலும் படகின் வேகம்தான் காரின் வேகம்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது சீனக்குடா. பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் அங்கே இன்றும் 99 இருக்கின்றன. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 10 இலட்சம் தொன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி அழிந்தது. எங்கட துறைமுகத்தை உலகம் தேடி வந்ததற்கு எண்ணெயும் ஒரு காரணம். 2022 ஜனவரியில் இந்தத் தாங்கிகள் ஒப்பந்தம் மூலம் பங்கிடப்பட்டன. லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61.

அதே வருடம் ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. தாங்கிகள் இருக்கிற ஊரிலும் வரிசைதான். ஓட்டோ வைத்திருக்கிற நண்பனின் அப்பா இரவில் வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்தார், அவன் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓட்டோ ஓடித்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும். அந்த 5 லீற்றரில் எத்தனை நாள் ஓடலாம் என்று அவன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு உயர்தரப் படிப்பும் போய்க்கொண்டிருந்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட ஐந்து வருடமும் ஓடித் தேய்ந்த கார்கள் வாங்கின விலையைவிடக் கூடுதலாக விலைபோயின. 2025இல் மறுபடி தொடங்கியபோது வந்த கார்களுக்கு 20 வீதச் சுங்கவரி, அதன்மேல் 50 வீத மேலதிக வரி, எஞ்சின் சிசியைப் பார்த்து உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் வரி இருந்தன. சிசி கூடக் கூட வரியும் ஏறும். 996 சிசி ரைஸ் இங்கே இவ்வளவு பேசப்படுவதற்கும் 2 லீற்றர் பிரெலூட் போனுக்குள்ளேயே நிற்பதற்கும் இதுதான் முக்கிய காரணம். எங்கட ரசனை என்று நாங்கள் சண்டை பிடித்ததில் பாதி, வரி அட்டவணை ஏற்கெனவே முடிவுசெய்தது.

இதைச் சொன்னதும் பிரெலூட்காரன் சும்மா இருக்கவில்லை. "அப்ப ஆசைப்படவும் கூடாதா?" என்று கேட்டான். ஆசைப்படலாம். நாங்களும் ஆசைப்படுகிறோம். அடுத்த பின்னேரமும் இதே சண்டை நடக்கும். ஆனால் குதிரைவலு, இருக்கை, விலை என்று ஒப்பிடும்போது பக்கத்தில் இன்னொரு வரிசையும் போடவேண்டும். இது எந்தச் சட்டத்தால் வந்தது, எரிபொருள் நின்றால் யார் முதலில் நிற்பார்கள், அந்த முடிவை எடுக்கும்போது எங்கட ஆக்களிடம் யாராவது கேட்டார்களா?

வாசிக்கிற உங்களிடம் ஒரு சின்ன வேலை கேட்கிறோம். உங்கட வீட்டுக்கு முதலில் வந்த வாகனம் எது? சைக்கிளாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த வருடம், என்ன இலக்கம், காசு எப்படிப் புரட்டினார்கள், தடைக்காலத்தில் எதை ஊற்றி ஓட்டினார்கள், கடைசியில் அது என்ன ஆனது? அப்பப்பா, அம்மம்மா இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கோ. எங்களுக்கும் அனுப்புங்கோ. எங்களில் ஒருத்தி தொடங்கிவிட்டாள். அவளின் தாத்தாவிடம் ஒரு றலி சைக்கிளும் அதைக் 'பாதை'யில் ஏற்றிய கதையும் இருக்கிறது.