ஸப்ர் என்றால் நெஞ்சு வலியைப் பொறுப்பதா?

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் மக்கள் 26.12.2004 காலையை மறக்கவில்லை. சுனாமியானாலும் சாலை விபத்தானாலும், மவ்த்தான வீட்டில் நாம் முதலில் சொல்வது "ஸப்ர் செய்யுங்கள்" என்பதே. அதன் பொருளை விளங்கித்தான் சொல்கிறோமா?

ஸப்ர் என்ற அரபிச் சொல்லுக்குத் தடுத்து நிறுத்துதல் என்று பொருள். அல்லாஹ்வின் மீது நிராசை கொள்வதையும், மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதையும்தான் தடுத்துக்கொள்ள வேண்டும், கண்ணீரை அல்ல. மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் வடித்தார்கள். யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின; ஆயினும் 'அழகிய பொறுமை' என்ற சொல் அவர்கள் வாயிலிருந்துதான் குர்ஆனில் வருகிறது.

துக்கமோ கோபமோ தாக்கும்போது அட்ரினலின் சுரந்து துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து, 2004இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்புக்கான 9 காரணிகளில் மன அழுத்தத்தையும் சேர்த்தது. 'டகோட்சுபோ' என்று ஜப்பானியர் பெயரிட்ட ஒரு நோயும் உண்டு. பேரதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை உப்பி, ஆக்டோபஸ் பிடிக்கும் பானைபோல ஆகிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுகிறார்கள். ஆனால் வலி மாரடைப்பு போலவே இருக்கும். பரிசோதிக்காமல் பிரித்தறிய முடியாது.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அடங்காவிட்டால் படுக்கட்டும் என்ற நபிவழி அபூதாவூதில் உள்ளது. உடல் தளர்ந்தால் துடிப்பும் இறங்கும்.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. உம்மாவுக்கு நெஞ்சை அடைக்கிறது, வியர்க்கிறது. "வாயுதான், பொறுத்துக்கிறேன், ஃபஜ்ருக்கு அப்புறம் பாக்கலாம்" என்கிறார். அதைப் பொறுமை என்று நாமும் மெச்சுகிறோம்! இது ஸப்ர் அல்ல. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழிதான். தாடை, முதுகு, இடது கைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், பெண்களுக்குக் குமட்டல், காரணமில்லாத அசதி இவை கண்டால் உடனே 108ஐ அழையுங்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகளைத் தருகிறார்கள். மேல்சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இத்தாவில் இருக்கும் பெண்ணை, 4 மாதம் 10 நாள் முடியட்டும் என்று நிறுத்திவைப்பவர்களும் உண்டு. மருத்துவத் தேவைக்காக அவர் வெளியே செல்ல மார்க்கத்தில் தடையில்லை. அடுத்த முறை ஆறுதல் சொல்லப் போகும்போது, பிரஷர் மாத்திரை போட்டாரா என்றும் அவரிடம் கேளுங்கள்.