மர்மம்

மர்மம் என்றால் இன்று புதிர் என்றே பொருள் கொள்கிறோம். இது வடமொழிச் சொல், இறப்பைக் குறிக்கும் வேரில் பிறந்தது. அடிபட்டால் உயிர் போகும் உடலின் இடம்தான் மர்மம். வர்மக்கலையின் 'வர்மம்' இதே சொல்லே. உடம்பு எல்லார் கண்ணிலும் படும், அந்த வர்மப் புள்ளி ஆசானுக்கு மட்டும் தெரியும். 'ரகசியம்' என்ற பொருள் அதை ஒட்டியே வருகிறது.

நல்ல துப்பறியும் தொடரும் அப்படித்தான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவில் குதிரைக் குளம்பொலி, விடிந்தால் பிணம். கொல்வது காவல் தெய்வமான கருப்பா, ஆளா? கொலையாளி நம் கண்முன்தான் நடமாடுகிறார், புள்ளிதான் பிடிபடாது. லயத்துக் கோடியில் முனியாண்டி கோயிலைப் பார்த்து வளர்ந்த மலேசியாவின் பத்தாங் காலிப் பக்கத்துத் தோட்டத்து மக்களுக்கு அந்தக் குளம்பொலி இன்னும் கிட்டத்தில் கேட்கும்.

இதே பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதை மர்மம் என்று எழுதக் கூடாது. சுட்டது யாரென்று அன்றே தெரியும். பொது விசாரணை கேட்ட வழக்கை 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.