சிரம்பியடிப் பாடலுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

கற்பிட்டி இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். நண்பர்களுடன் இசைக்குழு நடத்துபவர். பழைய பாடல் இரண்டைத் தாங்களே பாடி ஒலிப்பதிவு செய்து வெளியிட எண்ணியிருந்தார்கள். ஒன்று தமிழகத் திரைப்படப் பாடல். மற்றது, புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் காப்பிரி மக்களின் மஞ்சா. "சேர், யாரிடம் அனுமதி எடுக்கவேண்டும்?" என்று கேட்டார்.

கேள்வி நூறாண்டு பழையது. துளையிட்ட காகிதச் சுருளால் தானே இசைக்கும் பியானோக்கள் அமெரிக்காவில் பரவியபோது, அச்சுருள் இசையின் பிரதியல்ல என்று 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது. ஒருமுறை உரிமையாளரின் சம்மதத்துடன் பதிவான பாடலை, பிரதி ஒன்றுக்கு 2 சதம் செலுத்தி எவரும் பதிவு செய்யலாம் என்றானது. பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதே வழியில், அறிவித்தல் கொடுத்து, குறித்த வீதத்தில் உரிமைப்பணம் கட்டினால் போதும் என்றது. அச்சட்டமே குடியேற்ற நாடான இலங்கையிலும் நடைமுறையில் இருந்தது. 1979இல் நாம் நமக்கெனப் புலமைச்சொத்துக் கோவையை இயற்றினோம். இன்றுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். அதன்படி பாடலைப் பிரதிசெய்யவும் தழுவவும் உள்ள உரிமை ஆக்கியோனுக்கு உரியது. அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிப்பது.

இந்தியாவும் இலங்கையும் பேர்ன் உடன்படிக்கை நாடுகள் என்பதால் தமிழகப் பாடலுக்கும் இங்கே பாதுகாப்புண்டு. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதற்பதிவு வெளியாகி ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் சட்டபூர்வ உரிமம் பெற்று மறுபதிவு செய்யலாம். ஆனால் அவ்வுரிமம் இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். எனவே வரிகளுக்கும் மெட்டுக்கும் இன்று உரிமையாளர் யாரென்று கண்டறிந்து எழுத்தில் சம்மதம் பெறுங்கள் என்றேன். பழைய இசைத்தட்டின் ஒலியைத் தொடாமல் புதிதாகப் பாடினாலும் இந்தக் கடமை நீங்காது. 2017இல் இளையராஜா, தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கே அறிவித்தல் அனுப்பியதை நினைவூட்டினேன். ஒரு பாடலைப் புகழ்பெறச் செய்த குரலுக்கும் அந்தப் பாடல் சொந்தமாகிவிடுவதில்லை.

மஞ்சாவோ வேறு. பிரித்தானியர் காலத்துப் படைப்பிரிவுகளில் பணியாற்றிப் புத்தளத்தில் குடியேறிய ஆபிரிக்கச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் அதைப் பாடுகிறார்கள். வரிகள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் உள்ளவை. பாடுவோரிலேயே பலருக்கு அவற்றின் பொருள் முழுமையாகத் தெரியாது. ஆக்கியோன் பெயரில்லை. நாட்டார் வழக்காறுகளை வணிக நோக்கில் பயன்படுத்த, கட்டணம் செலுத்தித் தகுதிவாய்ந்த அதிகாரசபையின் அனுமதி பெறவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. அப்பணம் பண்பாட்டு அபிவிருத்திக்கே செலவாகவேண்டும். பாடலைப் பேணிவந்த குடும்பங்களின் சம்மதம் பற்றி அப்பிரிவு பேசவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கே நா தழுதழுத்தது. இளவயதில் செய்தி சேகரிக்கச் சென்ற நான், அங்கே மூதாட்டி ஒருவர் பாடியதைக் கசெட்டில் பதிவு செய்தேன். கட்டுரை வெளிவந்த மகிழ்ச்சியில் நாடாவை ஒரு கடைக்காரருக்கு இரவல் கொடுத்தேன். சில மாதங்களின் பின் கொழும்பு செல்லும் பேருந்தில் அந்தக் குரலைக் கேட்டேன். பிரதிகள் விலைபோயிருந்தன. அம்மூதாட்டிக்கு ஒரு சதமும் சேரவில்லை. பாட்டைப் பதிவு செய்யலாமா என்று நானும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அவர் காலமாகியிருந்தார்.

"அதிகாரசபைக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன்னர் சிரம்பியடிக்குப் போய், பாடுகிறவர்களின் முன் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால் அவர்கள் பெயரை உறையில் அச்சிட்டு, வருவாயில் பங்கையும் எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

அடுத்த ஞாயிறு போவதாகச் சொன்னார் இளைஞர். நானும் வருகிறேன் என்றேன். அந்த நாடாவின் மூலப்பிரதி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை உரியவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.