வில்லியம் கார்னெட்

வில்லியம் கார்னெட் (1916–2006) அமெரிக்க ஒளிப்படக் கலைஞர். சிறு விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு வானிலிருந்து படமெடுத்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் புறநகரங்கள் பெருகியதை இவரது லேக்வுட் படவரிசை பதிவுசெய்தது.

இளமை
சிகாகோவில் பிறந்த கார்னெட், கலிபோர்னியாவின் பாசடீனாவில் வளர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸ் ஆர்ட் சென்டர் பள்ளியில் பயின்றபின் பாசடீனா காவல்துறையில் ஒளிப்படக்காரராக இருந்தார். போர்க்காலத்தில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்து படைவிமானத்தில் ஊர் திரும்பியபோது கீழே விரிந்த நிலக்காட்சி அவரை ஈர்த்தது. விரைவிலேயே விமானம் ஓட்டக் கற்றார்.

லேக்வுட்
1950இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரை ஒட்டிய சுமார் 3,500 ஏக்கர் விளைநிலத்தில், லேக்வுட் என்ற பெயரில் 17,500 வீடுகள் கட்டும் பணி தொடங்கியது. வேலையின் முன்னேற்றத்தைப் படமெடுக்கக் கட்டுமான நிறுவனத்தார் கார்னெட்டை அமர்த்தினர். நிலத்தைச் சமன்செய்தல், அகழி தோண்டுதல், அடித்தளம் இடுதல், மரச்சட்டம் நிறுத்துதல், சுவர் பூசிக் கூரை வேய்தல், குடியேறத் தயாரான தெருக்கள் என ஒவ்வொரு கட்டத்தையும் அவர் எடுத்தார். ஒரே மாதிரியான மனைகள் சட்டகத்தின் விளிம்புவரை நிறைந்திருப்பதால் குடியிருப்பு எங்கே முடிகிறது என்பதே படத்தில் தெரியாது. சாய்வான வெயிலின் நிழல்கள் அந்த ஒழுங்கை மேலும் அழுத்திக் காட்டுகின்றன. கூலிக்காக எடுத்தாலும் அந்தத் திட்டம் தமக்கு உடன்பாடானதல்ல என்று பின்னாளில் அவர் கூறினார். சில வரைபடங்களை வைத்தே எல்லா வீடுகளையும் கட்டியதும், மரமே இல்லாமற்போனதும் அவர் சொன்ன குறைகள்.

வரவேற்பு
கட்டுநரின் பெருமையைச் சொல்ல எடுத்த படங்கள் சில ஆண்டுகளில் நகர விரிவை எதிர்த்தவர்களின் சான்றாயின. ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸும் எழுத்தாளர் நான்சி நியூஹாலும் உருவாக்கி 1960இல் சியரா கிளப் என்ற அமைப்பு வெளியிட்ட இயற்கைப் பாதுகாப்பு நூலில் அவை இடம்பெற்றன. கட்டடக்கலை விமர்சகர் பீட்டர் பிளேக், அமெரிக்க நிலப்பரப்பின் சீரழிவைச் சாடிய தம் 1964ஆம் ஆண்டு நூலிலும் அவற்றைப் பயன்படுத்தினார்.

பிற்காலம்
கார்னெட் நகரங்களோடு நிற்கவில்லை. பாலைவன மணல்மேடுகள், உழுத வயல்கள், கடற்கரைகள் ஆகியவற்றையும் ஏறக்குறைய அருவ ஓவியங்களாகவே படமாக்கினார். 1953, 1956, 1975 ஆகிய ஆண்டுகளில் குகன்ஹைம் நல்கை பெற்றார். 1968 முதல் 1984 வரை பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1982இலும் 1994இலும் இவரது படத்தொகுப்புகள் நூல்களாக வந்தன. 2006இல் நாப்பாவில் காலமானார்.

மதிப்பீடு
புறநகர் வாழ்வின் வெறுமைக்கு உவமானமாகவே லேக்வுட் படங்கள் நெடுங்காலம் காட்டப்பட்டன. ஆனால் அவை ஆட்கள் குடிபுகுமுன் எடுக்கப்பட்டவை. 1954இல் லேக்வுட் தனி நகரானது, மரங்களும் வளர்ந்தன. அங்கேயே வளர்ந்து நகராட்சியில் பணியாற்றிய டி. ஜே. வால்டி, 1996இல் எழுதிய நினைவுநூலில் இப்படங்களை எடுத்துக்கொண்டு, அந்த வீடுகளுக்குள் நடந்த வாழ்க்கையை அவற்றுக்கு எதிரே வைத்தார். அதனால் இன்று இவ்வரிசை நகர விரிவுக்குச் சான்றாக மட்டுமன்றி, வானிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எது தப்பும் என்ற விவாதத்துக்கும் ஆதாரமாகிறது.