படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்த சிகிச்சை

சென்னைக் கடற்கரையிலிருந்து கிளம்பும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் ‘தாம்பரம் சானடோரியம்’. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் அந்த இடத்துக்கு வந்த பெயர் அது. 1937இல் அரசு அந்த மருத்துவமனையை எடுத்துக்கொண்டது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன் சானடோரியம் அதற்கும் முன்பே இயங்கிவந்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. டி.பி. வந்தவருக்கு அந்நாளில் மருத்துவம் தரக்கூடியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

காரணம் தெரியாமல் இருந்த காலமல்ல அது. 1882 மார்ச் 24 அன்றே பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் கிருமியைக் கண்டுபிடித்ததற்கும் அதைக் கொல்லும் மருந்து கைக்கு வந்ததற்கும் இடையே அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இடைவெளியில் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்கவைத்தார்கள். விலா எலும்புகளை வெட்டி எடுத்தார்கள். பிழைத்தவர்கள் பலர். ஆனால் சிகிச்சையால்தான் பிழைத்தார்களா என்று நிறுவும் வழி அன்று யாரிடமும் இல்லை.

அந்த வழி 1940களில் பிறந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அந்த மருந்தைப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 107 நோயாளிகளிடம் சோதித்து 1948இல் முடிவை வெளியிட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதைச் சமவாய்ப்பு முறையில் தீர்மானித்த முன்னோடி ஆய்வு அது. ஆறு மாதத்தில் ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர்தான் இறந்தார்கள். ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. மருந்துக்கு மசியாத கிருமிகள் தலையெடுத்தன. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் மிஞ்சவில்லை. ஒரே மருந்தை நம்பினால் கிருமி தப்பிவிடும் என்பது அப்போது கிடைத்த பாடம். ஸ்வீடனில் யோர்கன் லேமன் உருவாக்கிய ‘பாஸ்’ மருந்தும் 1952இல் வந்த ஐசோனியாசிடும் கூட்டு சிகிச்சைக்கு வழி திறந்தன.

இந்தியாவுக்கு இந்த மருந்துகள் வந்தபோது எழுந்த கேள்வி வேறு. 1955 முதல் 1958 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, ஆயிரம் பேரில் 2 முதல் 8 பேர் வரை சளியில் கிருமியோடு நடமாடுவதைக் காட்டியது. நகரத்து நோய் என்று நினைத்திருந்தது கிராமத்திலும் அதே அளவுக்கு இருந்தது. இத்தனை பேருக்கும் ஓர் ஆண்டுக்குப் படுக்கை கொடுக்க எந்த அரசாலும் முடியாது. அப்படியானால் மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா? குடிசையில், நெருக்கடியில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் அந்த மருந்து வேலை செய்யுமா?

இதற்கு விடை தேடவே 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்தன. இயக்குநராக வந்தவர் லண்டன் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். தேவதத்தா, வேலு, சி.வி. ராமகிருஷ்ணன், புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணா ஆகியோர் அவரோடு உழைத்தார்கள். ஃபாக்ஸின் பெயர் உலகம் அறிந்த அளவுக்கு இவர்களின் பெயரைத் தமிழ் வாசகர்கள் அறியாமல் போனது வருத்தத்துக்குரியது.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி வீட்டிலேயே இருந்தது. யார் எங்கே என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. சமவாய்ப்பு முறையே தீர்மானித்தது. இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு அதே ஐசோனியாசிட், அதே பாஸ். சானடோரியத்தில் வேளாவேளைக்குச் சத்தான உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ குறைந்த சாப்பாட்டில், சற்றுத் தெம்பு வந்ததும் வேலைக்குப் போனார்கள்.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். எடை கூடியதில் சானடோரியத்துக்காரர்களே முன்னால் நின்றார்கள். ஆனால் கிருமி ஒழிந்ததில் சொல்லத்தக்க இடைவெளி இல்லை. வீட்டில் கூடவே இருந்த மனைவி, மக்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. தொற்ற வேண்டியது சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்றிவிட்டிருந்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோதும் நோய் திரும்பியதில் இரு பிரிவும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன.

இந்தச் சதவீதங்களைவிட அந்த மையம் உலகுக்குத் தந்த பெரிய கொடை, மருந்து நோயாளியின் வயிற்றுக்குள் உண்மையிலேயே போனதா என்று சோதித்த முறை என்பதே என் கணிப்பு. பாஸ் சாப்பிடுவது லேசான காரியமல்ல. நாளொன்றுக்குச் சுமார் பத்து கிராம் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைப் பிடுங்கும். உடம்பு தேறியதும் பலருக்கு அதை நிறுத்திவிடத் தோன்றும். அதனால் செவிலியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். அங்கேயே சிறுநீர் வாங்கி வந்தார்கள். அதில் ஃபெர்ரிக் குளோரைடு கலந்தால், பாஸ் சாப்பிட்டவரின் சிறுநீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தும் சிறுநீரில் மருந்தின் தடம் இல்லாதவர்கள் உண்டு. படித்தவர், படிக்காதவர், ஏழை, வசதியானவர் என்ற வேறுபாடு இல்லாமல் மனிதர்கள் மாத்திரையை விட்டுவிடுவார்கள் என்பதை ஃபாக்ஸ் 1958இலேயே எழுதினார். நோயாளியைக் குறைசொல்வதில் பயனில்லை, விட்டுவிட முடியாதபடி சிகிச்சையை அமைப்பதுதான் மருத்துவரின் வேலை என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது.

அடுத்த ஆய்வுகள் அந்தத் திசையிலேயே நடந்தன. வாரத்துக்கு இரண்டே நாள் நோயாளி மையத்துக்கு வந்து, செவிலியரின் கண்ணெதிரில் மருந்து எடுத்துக்கொண்டால் போதுமா? போதும் என்று 1964இல் வெளியான முடிவு காட்டியது. தினமும் வீட்டில் தானாகச் சாப்பிட்டவர்களைவிட இவர்கள் சற்று மேலாகவே தேறினார்கள். 1990களில் உலகெங்கும் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர் இங்கே இருக்கிறது. ரிஃபாம்பிசின் வந்தபின் சிகிச்சைக் காலம் ஒன்றரை ஆண்டிலிருந்து ஆறு மாதமாகக் குறைந்தது; அதற்கான ஆரம்ப ஆய்வுகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்தன, சென்னையும் அவற்றைத் தொடர்ந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டன.

ஆனால் ஒரு முடிவு, அதன் எல்லையைத் தாண்டி இழுத்துச் செல்லப்பட்டது. நல்ல மருந்து ஒழுங்காகக் கிடைத்தால், சாப்பாடு குறைவாக இருந்தாலும் கிருமி ஒழியும் என்பதே சென்னை ஆய்வு சொன்னது. பசிக்கும் காசநோய்க்கும் சம்பந்தமில்லை என்று அது சொல்லவில்லை. ஆனாலும் பல பத்தாண்டுகளுக்குத் திட்டங்கள் மாத்திரையை மட்டுமே எண்ணின. நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை மீண்டும் கேட்டவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இணையர். ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய அவர்களது ஆய்வில் 2,800 நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர் இடம்பெற்றார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மாதாமாதம் உணவுப் பை தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தினருக்கும் அரிசியும் பருப்பும் ஆறு மாதம் தரப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியிருக்கும் சேத்துப்பட்டு மையத்துக்கும் இந்த ஆய்வில் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இன்னொரு திருத்தம். நோய் உறுதியானவுடன் உயரம், எடை, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறார்கள். மிகவும் நலிந்தவர் என்று தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் படுக்கை வேண்டியதில்லை என்று நிறுவிய மாநிலம், யாருக்குப் படுக்கை வேண்டும் என்பதை இப்போது கணக்கிட்டுச் சொல்கிறது. காசநோயாளிகளின் உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் தந்துவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஜார்க்கண்ட் ஆய்வு காட்டியபடி, அந்த உதவி நோயாளியோடு நின்றுவிடாமல் அவரது குடும்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.